எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? தலையில் பூசும் மருந்துகளின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மல்லாவிக்கு வரும் கூரியர் பார்சல்களில் இப்போது உடுப்பும் போன் கவரும் மட்டும் இல்லை. தலைமுடிக்கான சின்னப் போத்தல்களும் வருகின்றன. டிக்டொக்கில் விளம்பரம் பார்த்து உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஓடர் போடுகிறார்கள். பிள்ளை பெற்ற தாய்மாரும் போடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் தம்பிமார் இரண்டு மூன்று நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்குகிறார்கள். பிறகு எங்களிடம் வந்து, "வெங்காயச் சாறு நல்லதா, ரோஸ்மேரி எண்ணெய் நல்லதா, மினொக்சிடில் நல்லதா?" என்று கேட்கிறார்கள்.

நாங்கள் வைத்தியர்கள் இல்லை. எந்த மருந்தையும் பூசு என்றோ பூசாதே என்றோ சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் விஞ்ஞான பாடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று ஒன்றைப் படிப்பிக்கிறோம். ஒரு செடிக்குப் பசளை போட்டால், பசளை போடாத இன்னொரு செடியையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்தது பசளையாலா மழையாலா என்று தெரியாது. தலையில் பூசும் மருந்துகளின் வரலாறும் இந்தப் பாடம்தான். மனிதன் அதைக் கற்றுக்கொள்ள மூவாயிரம் வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறான்.

முதலில் பழைய கதை.

எகிப்தில் கிடைத்த ஈபர்ஸ் பப்பிரசுச் சுருள் ஏறக்குறைய கி.மு. 1550 ஆம் ஆண்டுக்குரியது. அதில் வழுக்கைக்கு மருந்து எழுதியிருக்கிறார்கள். நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் பூச வேண்டுமாம். கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் புறாவின் எச்சம் சேர்ந்த ஒரு கலவையைப் பயன்படுத்தினார் என்று சொல்லப்படுகிறது.

முஸ்லிம் வைத்தியர்களும் இதை விட்டுவைக்கவில்லை. அந்தலூசியாவின் அல் சஹ்ராவி தன்னுடைய பெரிய மருத்துவக் களஞ்சியத்தில் ஒரு பாகத்தையே அழகு பேணலுக்கு ஒதுக்கினார். இப்னு சீனா 'அல் கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் தலைமுடி பற்றி எழுதினார். முடி திட்டுத் திட்டாகக் கொட்டும் நோய்க்கு அரபியில் 'தாஉத் தஃலப்', அதாவது நரி நோய் என்று பெயர். சொறி பிடித்த நரிக்கு முடி அப்படித்தான் கொட்டும். இன்று வைத்தியர்கள் சொல்லும் 'அலோபீசியா' என்ற சொல்லும் நரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் வந்தது. எங்கள் ஊரில் அதே நோயைப் புழுவெட்டு என்கிறோம். அங்கே நரி, இங்கே புழு. நோய் ஒன்றுதான்.

எங்கள் சித்த மருத்துவத்தில் கையாந்தகரை, செவ்வரத்தை, நெல்லி, அவுரி போட்டுக் காய்ச்சிய எண்ணெய்கள் இருக்கின்றன. வன்னியில் இன்றும் பல வீடுகளில் அம்மம்மாமார் காய்ச்சுகிறார்கள்.

இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. பூசியவர்களைப் பார்த்தார்கள். பூசாதவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இது ஏன் பெரிய விஷயம்? முடி தானாகவே கொட்டும், தானாகவே திரும்பி முளைக்கும். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்ந்து, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுத்து, பிறகு விழும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். கடும் காய்ச்சல், பிரசவம், சத்திர சிகிச்சை, பட்டினி, பெரிய மன அதிர்ச்சி வந்தால் நிறைய முடிகள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலானோருக்கு அடுத்த ஆறு மாதமளவில் தானாகவே திரும்பி வரும்.

வன்னிக்காரருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில்தான் அறிவித்தது. அதற்கு முதல் இந்தக் காடும் குளமும் சூழ்ந்த ஊர்களில் மலேரியா படாத குடும்பம் அரிது. அப்படி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டியவர் ஒரு எண்ணெயைப் பூசுகிறார். ஆறு மாதத்தில் முடி வருகிறது. எண்ணெய்க்குப் பேர் கிடைக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. முடி உண்மையில் வந்தது. ஆனால் எண்ணெய் பூசாத அயல்வீட்டுக்காரருக்கும் வந்ததே, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் வியாபாரம் நுழைந்தது.

இலண்டனில் 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோலண்ட் என்ற முடிதிருத்துநர் 'மக்காசர் எண்ணெய்' விற்கத் தொடங்கினார். இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுகத்தின் பெயரை வைத்ததால் தூரதேசத்து அதிசய மருந்து என்ற எண்ணம் வந்தது. இங்கிலாந்து முழுவதும் ஆண்கள் அதைப் பூசினார்கள். கதிரைகளின் சாய்மானம் எல்லாம் எண்ணெய்க் கறையானது. அதைத் தடுக்கச் சாய்மானத்தில் ஒரு துணியை விரித்தார்கள். அந்தத் துணிக்கு 'அன்ரிமக்காசர்', அதாவது மக்காசர் தடுப்பு என்றே பெயர் வந்தது. பழைய வீடுகளின் கதிரைகளில் இன்றும் அந்தப் பூவேலைத் துணியைப் பார்க்கலாம். எண்ணெய் தலையில் என்ன செய்ததோ, கதிரையில் தன் அடையாளத்தை விட்டுப் போனது.

அமெரிக்காவில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சதர்லண்ட் சகோதரிகள் என்று ஏழு பேர் இருந்தார்கள். நிலத்தைத் தொடும் அளவு கூந்தல். மேடையேறிப் பாடுவார்கள், பிறகு கூந்தலை அவிழ்த்துக் காட்டுவார்கள். அவர்கள் பெயரில் முடி வளர்க்கும் மருந்து பெரும் விலைக்கு விற்றது. அந்தக் கூந்தல் மருந்தால் வளர்ந்ததா, குடும்ப வழியாக வந்ததா என்று யார் சோதித்தார்கள்? இன்றைய விளம்பரத்தில் இடுப்பளவு கூந்தலோடு வரும் பெண்ணையும் இந்தச் சகோதரிகளோடு சேர்த்துப் பாருங்கள். போனும் கமராவும்தான் புதிது.

காரணத்தைக் கண்டுபிடித்த கதை வேறு வழியில் போனது. விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கவனித்திருந்தார்கள். 1942 இல் ஜேம்ஸ் ஹமில்ரன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஒழுங்காக ஆராய்ந்தார். பருவம் அடைய முதல் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களில் பரம்பரையில் வழுக்கை உள்ள சிலருக்கு ஆண் ஓமோன் கொடுத்தபோது வழுக்கை விழத் தொடங்கியது. ஓமோனும் பரம்பரையும் சேர்ந்தால்தான் ஆண் வழுக்கை என்று அப்போது தெளிவானது. தலைக்கவசம் போடுவதோ, குழாய்க்கிணற்றுத் தண்ணீரோ இந்த வகை வழுக்கைக்கு மூல காரணம் இல்லை.

மினொக்சிடில் வந்தது தற்செயலாக. அமெரிக்காவின் அப்ஜோன் கொம்பனி 1950களில் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடியது. கிடைத்த பொருள் புண்ணை ஆற்றவில்லை. ஆனால் இரத்தக் குழாய்களை நன்றாக விரித்தது. அந்த வழியில் மினொக்சிடில் உருவானது. கடுமையான இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் குளிசையாகக் கொடுத்தபோது முகத்திலும் கையிலும் முதுகிலும் முடி முளைத்தது. நோயாளிகளுக்குத் தொல்லை. கொலராடோவில் கின்ரர் கான், போல் கிரான்ற் என்ற இரு வைத்தியர்கள் அதைத் திரவமாக்கித் தோலில் பூசிப் பார்த்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் கொம்பனியோடு நீண்ட தகராறு நடந்து, கடைசியில் கானின் பெயர் காப்புரிமையில் சேர்க்கப்பட்டது. 1980 இல் ஒரு நோயாளியின் வழுக்கையில் முடி வந்த செய்தி நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. 1988 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2 வீத மினொக்சிடிலை ஆண்களின் வழுக்கைக்கு அங்கீகரித்தது. வழுக்கைக்குப் பூசும் மருந்து ஒன்று அங்கே அங்கீகாரம் பெற்றது அதுவே முதல் தடவை.

அந்த அங்கீகாரம் எப்படிக் கிடைத்தது? ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மருந்து. மற்றப் பகுதிக்கு அதே நிறம், அதே மணம், மருந்து இல்லாத திரவம். யாருக்கு எது என்று பூசுபவருக்கும் தெரியாது, முடியை எண்ணுபவருக்கும் தெரியாது. தலையில் ஒரு சிறு வட்டத்தைக் குறித்து அதற்குள் இருக்கும் முடியை எண்ணினார்கள். மாதங்கள் கழித்து அதே வட்டத்தை மறுபடி எண்ணினார்கள். 2002 இல் 393 ஆண்களை வைத்து 48 வாரம் நடந்த ஒரு பரிசோதனையில், 5 வீத மருந்து 2 வீத மருந்தைவிட 45 வீதம் கூடுதலாக முடி வளர்த்தது.

மினொக்சிடிலுக்கும் எல்லை உண்டு. எல்லோருக்கும் வேலை செய்யாது. தொடக்கத்தில் சிலருக்கு முடி கூடுதலாகக் கொட்டும். பூசுவதை நிறுத்தினால் சில மாதங்களில் வந்த முடியும் போய்விடும். அதாவது ஒரு போத்தலின் விலை அல்ல, வருடக்கணக்கான செலவு. விளம்பரத்தில் இந்த வரி இராது.

1989 இல் அதே அமெரிக்க நிருவாகம் இன்னொரு வேலை செய்தது. வைத்தியர் சிட்டை இல்லாமல் முடி வளர்க்கும் என்று விற்கப்பட்ட பொருட்களைப் பட்டியல் போட்டு, இவை பலன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. பயோட்டின் உட்பட பி விற்றமின்கள், ஜோஜோபா எண்ணெய், லனோலின், கோதுமை முளை எண்ணெய், கந்தகம் எல்லாம் அதில் இருந்தன. இன்று பார்சலில் வரும் போத்தல்களின் லேபலை வாசித்துப் பாருங்கள். முப்பது வருடங்களுக்கு முதல் அந்தப் பட்டியலில் நின்ற பெயர்கள் புது உடுப்பில் வந்திருக்கும்.

இனிப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

வெங்காயச் சாறு: 2002 இல் ஈராக்கின் பக்தாதில் இரண்டு வைத்தியர்கள் இதை ஆராய்ந்தார்கள். 23 பேருக்கு வெங்காயச் சாறு, 15 பேருக்குக் குழாய்த் தண்ணீர். ஆறு வாரத்தில் வெங்காயக் குழுவில் 20 பேருக்கு முடி முளைத்தது. தண்ணீர்க் குழுவில் 2 பேருக்கு. ஒப்பிடுவதற்கு ஒரு குழு வைத்தார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் இரண்டைக் கவனியுங்கள். தண்ணீருக்கும் வெங்காயத்துக்கும் மணத்திலேயே வித்தியாசம் தெரியும். அதைவிட முக்கியம், அது புழுவெட்டுக்கான ஆய்வு. ஆண் வழுக்கைக்கு அல்ல. புழுவெட்டு உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேர்களையே தாக்குவதால் வருவது. சிறு திட்டு என்றால் பலருக்குத் தானாகவே ஆறும். இந்த ஆய்வைக் காட்டி வழுக்கைக்கு வெங்காய எண்ணெய் விற்பது, காய்ச்சல் மருந்தைக் காட்டிக் கால் முறிவுக்கு விற்பது மாதிரி.

ரோஸ்மேரி எண்ணெய்: 2015 இல் ஈரானில் நடந்த ஆய்வு ஒன்றைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். 50 பேருக்கு ரோஸ்மேரி, 50 பேருக்கு 2 வீத மினொக்சிடில், ஆறு மாதம். முடிவில் இரண்டும் சமம் என்றார்கள். "மினொக்சிடிலுக்குச் சமமான இயற்கை எண்ணெய்" என்ற விளம்பரத்தின் ஊற்று இதுதான். ஆனால் மருந்தே இல்லாத மூன்றாவது குழு ஒன்று அங்கே இல்லை. இரண்டு பக்கமும் கூடிய முடியின் எண்ணிக்கையும் மிகச் சிறியது. இரண்டு பிள்ளைகள் சம புள்ளி எடுத்தார்கள் என்பதற்காக இருவரும் சித்தி என்று சொல்ல முடியாது. இருவரும் 20 புள்ளி எடுத்தாலும் அது சமம்தான்.

செவ்வரத்தை: எங்கள் வேலியில் நிற்கும் இந்த மரத்துக்குச் சென்னையில் ஆய்வு நடந்திருக்கிறது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2003 இல் செவ்வரத்தையின் இலைச் சாற்றையும் பூச்சாற்றையும் ஒப்பிட்டார்கள். இலைச்சாறு பூவைவிடக் கூடுதல் பலன் காட்டியது. நாங்கள் பூவைத்தான் எண்ணெயில் போடுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். கையாந்தகரைக்கும் இந்தியாவில் இப்படி ஆய்வுகள் உண்டு. ஆனால் இவை எலிகளில் நடந்தவை. எலியில் முளைத்தது மனிதனில் முளைக்கும் என்று உறுதி இல்லை. அம்மம்மாவின் எண்ணெய் முடியை மிருதுவாக்கும், உடையாமல் காக்கும். அதற்காகப் பூசுவதில் ஒரு குறையும் இல்லை. வழுக்கையை மாற்றும் என்று சொல்ல மட்டும் இன்னும் இடம் இல்லை. கருஞ்சீரக எண்ணெய்க்கும் இதே அளவுகோல்தான். எங்களுக்குப் பிரியமானது என்பதற்காக அளவுகோலை மாற்றக் கூடாது.

இப்போது புதிய மருந்துகள்.

பினாஸ்டெரைட் குளிசை 1997 இல் வழுக்கைக்கு அங்கீகரிக்கப்பட்டது. அது ஆண் ஓமோன் இன்னும் வீரியமான வடிவமாக மாறுவதைத் தடுக்கிறது. அதையே தலையில் தெளிக்கும் திரவமாக்கி ஐரோப்பாவில் 458 ஆண்களில் 24 வாரம் சோதித்தார்கள். குறித்த வட்டத்தில் தெளித்தவர்களுக்குச் சராசரியாக 20.2 முடி கூடியது. குளிசை போட்டவர்களுக்கு 21.1. வெறும் திரவம் தெளித்தவர்களுக்கு 6.7.

அந்தக் கடைசி எண்ணைத் திரும்ப வாசியுங்கள். மருந்தே இல்லாத திரவம் தெளித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட 7 முடி கூடியது! அந்தக் குழு இல்லாவிட்டால் வெறும் திரவத்தையே போத்தலில் அடைத்து, "ஆறு மாதத்தில் முடி கூடியது, ஆய்வில் நிரூபணம்" என்று விற்றிருக்கலாம். இந்தப் பதிவில் ஒரு எண்ணைத்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இந்த 6.7 ஐ வையுங்கள்.

சீனாவில் கே.எக்ஸ்.-826 என்ற பூசும் மருந்து மூன்றாம் கட்டம் வரை வந்தது. இணையத்தில் பெரிய எதிர்பார்ப்பு. 2023 இல் முடிவு வந்தது. மருந்து பூசியவர்களுக்கும் வெறும் திரவம் பூசியவர்களுக்கும் இடையில் புள்ளிவிபரப்படி நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. கொம்பனியே அதை அறிவித்தது. கிளாஸ்கோரெரோன் 2020 இல் முகப்பருவுக்கு அங்கீகரிக்கப்பட்டது. வழுக்கைக்கு வேறு செறிவில் பெரிய பரிசோதனைகளில் சோதிக்கப்பட்டது. பி.பி.405 என்பது தூங்கும் முடி வேர்களை எழுப்ப முயலும் மருந்து. 2025 இல் வந்த ஆரம்ப முடிவில், கூடுதலாக முடி இழந்த ஆண்களில் 31 வீதமானோருக்கு 8 வாரத்தில் அடர்த்தி 20 வீதத்துக்கு மேல் கூடியது. மருந்தில்லாத குழுவில் ஒருவருக்கும் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் பங்குபற்றியவர்கள் 78 பேர். கே.எக்ஸ்.-826 உம் சிறிய பரிசோதனையில் நன்றாகத்தான் தொடங்கியது.

இவற்றை விட ஆபத்தானது ஆர்.யு.58841. பிரான்சின் ரூசெல் உக்லாப் கொம்பனி உருவாக்கிக் குரங்குகளில் சோதித்த பொருள். எந்த நாட்டிலும் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. ஆனால் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒட்டி இணையத்தில் விற்கிறார்கள். அதைப் பூசும் தம்பிக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனையில் எலி நீங்கள்தான். உங்களுக்குப் பக்கத்தில் முடியை எண்ண ஒருவரும் இல்லை. ஏதும் நடந்தால் பொறுப்பெடுக்கவும் ஒருவரும் இல்லை.

பூசுபவரோடு விஷயம் முடிவதில்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது. 2019 இல் ஸ்பெயினில் வயிற்று மருந்துக்குள் தவறுதலாக மினொக்சிடில் கலந்து, பல குழந்தைகளின் உடல் முழுக்க முடி முளைத்தது. அதே நாட்டின் நவாரா மாகாணத்தில், தலையில் மினொக்சிடில் பூசிய தந்தை குழந்தையைத் தூக்கிப் பராமரித்ததில் குழந்தையின் முதுகிலும் காலிலும் முடி வந்தது பதிவாகியது. தொடுகை நின்றதும் மாறியது. பூனைக்கு இந்த மருந்து சிறிதளவும் நஞ்சு. பினாஸ்டெரைட் கர்ப்பிணியின் தோல் வழியே போனால் வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தைக்கு ஆபத்து. கலந்து விற்கப்படும் பினாஸ்டெரைட் திரவங்கள் பற்றி 2019 முதல் 2024 வரை 32 முறைப்பாடுகள் வந்ததாக அமெரிக்க நிருவாகம் 2025 இல் எச்சரித்தது. ஒரே பாயில், ஒரே தலையணையில் குடும்பமாகப் படுக்கும் எங்கள் வீடுகளில் இதை யோசிக்க வேண்டாமா?

எனவே உறவுகளே, போத்தல் வாங்க முதல் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. எந்த வகை முடி உதிர்வுக்கு? வழுக்கைக்கா, புழுவெட்டுக்கா, காய்ச்சலுக்குப் பின் கொட்டுவதற்கா?
2. எதோடு ஒப்பிட்டார்கள்? பூசாதவர்கள் அல்லது வெறும் திரவம் பூசியவர்கள் இருந்தார்களா?
3. எத்தனை பேர், எத்தனை மாதம்? மனிதனிலா, எலியிலா?
4. நிறுத்தினால் என்ன நடக்கும்? வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு என்ன?

மருந்து என்று விற்பதானால் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் பதிவு வேண்டும். லேபலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. வகுப்பில் ஒரு பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டி, செதிலும் கடியும் இருந்தால் அது பங்கசுத் தொற்றாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும். எண்ணெயாலும் களிம்பாலும் மட்டும் மாறாது, குளிசை தேவை. வெங்காயம் தேய்த்து மாதங்களை வீணாக்காமல் மல்லாவி வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அந்தப் பிள்ளையைத் தொப்பி போட வைத்துச் சிரிப்பவர்களையும் கண்டியுங்கள். முடி கொட்டுவதைவிட அந்தச் சிரிப்புத்தான் பிள்ளையைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்கிறது.

பெண்களுக்கு இரத்தச் சோகை, தைரொயிட் குறைபாட்டாலும் முடி கொட்டும். அதை இரத்தப் பரிசோதனைதான் காட்டும். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் போத்தல் காட்டாது.

வழுக்கை விழுவது நோயும் இல்லை, குற்றமும் இல்லை. அதை மாற்ற விரும்புவதும் தவறு இல்லை. விரும்பினால் தோல் வைத்தியரைப் பாருங்கள். உழைத்த காசை ஒருவர் கேட்கும்போது, "எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் பார்சலைத் திருப்பி அனுப்புங்கள்.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள். ஓடர் போட இருக்கும் ஒரு தம்பியின் கண்ணில் படட்டும்.